செல்லாக்காசில் ஓடும் இயந்திரங்கள்

ஒருவரைச் "செல்லாக்காசு" என்று சொன்னால், அவரால் ஒரு பயனும் இல்லை என்று அர்த்தம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு செல்லாக்காசு இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது!

காசு போட்டால் ஓடும் பழைய விளையாட்டு இயந்திரங்களை வாங்கி, பழுதுபார்த்து, மறுபடி ஓட வைப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. அவற்றில் பெரும்பாலானவை கேட்பது 1971லேயே செல்லாமல் போன பழைய பென்னியைத்தான்.

இந்த இயந்திரங்களின் பொற்காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. 1883ல் பெர்சிவல் எவரிட் என்பவர் லண்டனில் காசு போட்டால் தபால் அட்டை தரும் இயந்திரத்தை நிறுவினார். 1895ல் அமெரிக்காவில் ஹெர்மன் காஸ்லர் மியூட்டோஸ்கோப்புக்குக் காப்புரிமை பெற்றார். காசு போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், நூற்றுக்கணக்கான புகைப்பட அட்டைகள் வேகமாகப் புரண்டு சினிமா போலத் தெரியும். அடுத்து வந்தது சுவரில் மாட்டும் 'ஆல்வின்'. விசையைத் தட்டினால் எஃகுக் குண்டு சுழன்று ஓடி ஒரு குழியில் விழும். வெற்றிக் குழியில் விழுந்தால் பரிசு!

இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் இவற்றுக்கான காசு பென்னிதான். 1860 முதல் வெண்கலத்தில் அடிக்கப்பட்ட அந்த நாணயம் சுமார் 31 மி.மீ. அகலம், 9.4 கிராம் எடை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் அளவு மாறவில்லை. அதை நம்பித்தான் காசு போடும் துளையும், உள்ளே இருக்கும் நெம்புகோலும் செய்யப்பட்டன.

1971 பிப்ரவரி 15 அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்ற கணக்கு 100 ஆக மாறியது. (இந்தியாவில் 1957ல் அணா போய் நயா பைசா வந்தது போல!) ஷில்லிங்கில் ஓடிய இயந்திரங்கள் தப்பித்தன, ஏனென்றால் புதிய 5 பென்ஸ் நாணயமும் அதே அளவுதான். புதிய பென்னியோ வெறும் 20 மி.மீ. அகலம். பழைய பென்னி ஆகஸ்ட் 31 அன்று முழுவதும் செல்லாமல் போனது.

இயந்திர முதலாளிக்கு இது லாப நஷ்டக் கணக்கு. சிலர் துளையையும் உள்பாகங்களையும் மாற்றி 2 பென்ஸ் நாணயத்துக்குத் தயார் செய்தார்கள். பலர் அந்தச் செலவு கட்டாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவைதான் ஆர்வலர்கள் கைக்கு வந்தன.

அவற்றைப் பழுதுபார்ப்பவர் துருவை நீக்குகிறார், ஸ்பிரிங்கை மாற்றுகிறார், மரப்பெட்டிக்கு மெருகேற்றுகிறார். கடைசியில் ஒரு கேள்வி வருகிறது. இன்றைய காசுக்கு ஏற்ப மாற்றினால் யார் வேண்டுமானாலும் விளையாடலாம். ஆனால் ஒருமுறை அறுத்த உலோகம் திரும்பாது. அதனால்தான் மாற்றப்படாத இயந்திரத்துக்கு மதிப்பு அதிகம். பலர் இயந்திரத்தை மாற்றாமல், பழைய பென்னிகளையே தேடிச் சேர்க்கிறார்கள்.

சாமர்செட்டின் ஊக்கி ஹோல் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட இயந்திரங்களில் விளையாட இன்றும் பழைய பென்னிதான் வேண்டும். விளையாடிய பென்னிகள் பெட்டியில் சேரும், மறுபடி அடுத்தவர் கைக்குப் போகும். வெளியே ஒரு தேநீர்கூட வாங்க முடியாத அந்தக் காசு, அந்த நான்கு சுவருக்குள் மட்டும் இன்னும் செல்லுபடியாகும் பணம்தான்!