விரலிலிருந்து அளவுகோலுக்கு: கண்ணழுத்தம் அறியப்பட்ட வரலாறு

கண்ணின் கோள வடிவம் குலையாதிருக்க அதனுள் ஓரளவு அழுத்தம் எப்போதும் நிலவியாக வேண்டும். கண்ணுக்கு நிறம் தரும் திரையான ஐரிசின் பின்னே இடைவிடாது சுரக்கும் தெளிந்த நீர்மம், கண்மணியின் வழியே முன்னறைக்கு வந்து, கருவிழிப் படலமும் ஐரிசும் கூடும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் ஊடே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிகாலும் ஒத்திசையும் நிலையே அந்த அழுத்தத்தை முடிவு செய்கிறது. பார்வை நரம்பைச் சிதைக்கும் நோயான 'கிளாக்கோமா'வின் பெயருக்கு, பழங்கிரேக்க மருத்துவர்கள் மூலமான சொல்லைக் கண்மணியில் தென்பட்ட நீலப்பச்சை நிறத்தைக் கொண்டே வழங்கினர். அழுத்தம் அவர்கள் கருத்தில் இடம்பெறவில்லை. 1622இல் ஆங்கிலக் கண் மருத்துவர் ரிச்சர்டு பேனிஸ்டர், குணப்படுத்த இயலாத ஒருவகைக் குருட்டில் கண் கல்போல் இறுகியிருப்பதைப் பதிவு செய்தார். அக்குறிப்பு பரவலான கவனத்தைப் பெற இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

மூடிய இமையின் மேல் இரு சுட்டுவிரல்களை வைத்து மாறி மாறி மெல்ல அழுத்திப் பார்ப்பதே நெடுங்காலம் வழக்கிலிருந்த ஒரே சோதனை. இலண்டனில் வில்லியம் போமன் 1862இல் அந்தத் தொடுவுணர்வையே படிகளாகப் பிரித்துக் குறியீடுகள் வகுத்தார். பெர்லினில் ஆல்பிரெக்ட் வான் கிராஃபே, ஐரிசின் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் கண்ணின் இறுக்கம் தணிவதை 1857இல் வெளியிட்டு, அதுவரை கைவிடப்பட்ட நோயாளிகள் பலருக்குப் பார்வையைக் காத்தார். கண்ணின் உட்புறத்தைக் காட்டும் ஹெல்ம்ஹோல்ட்சின் கருவி கைக்கு வந்த புதிதில், இந்நோயில் பார்வை நரம்பின் தலைப்பகுதி புடைத்திருப்பதாகவே வான் கிராஃபேயும் கருதினார். அது உண்மையில் குழிந்திருக்கிறது என்பது சில ஆண்டுகளுக்குள் தெளிவானபோது தம் கருத்தைத் தயங்காமல் திருத்திக்கொண்டது அவருடைய பெருமைகளுள் ஒன்று.

அழுத்தத்தை அளக்கும் 'டோனோமீட்டர்' கருவிகளை வான் கிராஃபேயும் அவர் காலத்தவரும் முயன்று பார்த்தனர். ஆயினும் உணர்ச்சி மிகுந்த கருவிழியைத் தொட வழியில்லாததால் அவை நிலைபெறவில்லை. 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர், கொக்கெய்ன் கரைசலின் சில துளிகள் கருவிழியை மரக்கச் செய்யும் என்று காட்டிய பிறகே அந்தத் தடை நீங்கியது. 1905இல் நார்வேயின் ஹியால்மர் ஷியோட்ஸ் அமைத்த கருவி, படுத்திருப்பவரின் கருவிழியில் எடையேற்றிய சிறு தண்டு எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதைக் காட்டியதால், விரலின் மதிப்பீடு முதன்முதலாகப் பரவலான பயன்பாட்டில் எண்ணாக மாறியது.

அதே காலத்தில், 1819இல் தொடங்கப்பட்டதும் உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றுமான சென்னை அரசு கண் மருத்துவமனை இவ்வரலாற்றில் நுழைகிறது. அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெள்விழியும் கருவிழியும் சேரும் விளிம்பில் நுண்ணிய துளையிடு கருவியால் ஒரு வட்டத் துண்டை அகற்றி, உள்நீர்மம் மேற்சவ்வின் அடியில் கசிந்து செல்ல வழி திறக்கும் அறுவை முறையை 1909இல் கையாளத் தொடங்கினார். எழும்பூரில் உருவான இம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பின்பற்றப்பட்டது. துளையின் மேல் மூடிய மெல்லிய சவ்வு வழியாகப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தொற்று புகக்கூடும் என்ற குறையால், 1960களின் இறுதியில் பகுதித் தடிமனான மூடியைத் துளைமேல் விட்டுவைக்கும் முறை அதன் இடத்தைப் பிடிக்கலாயிற்று. இன்றைய அறுவை முறையின் அடிப்படை எண்ணம் எலியட்டின் துளையில் இருப்பதைத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாறு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பெர்ன் நகரின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களின் நடுவில் படைத்த கருவி கருவிழியை அமிழ்த்துவதில்லை, 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையையே அளக்கிறது. கருவிழியின் விறைப்பு விசையை எதிர்ப்பதும் கண்ணீர்ப் படலம் கருவியின் முனையை ஈர்ப்பதும் அந்த அளவில் ஏறத்தாழ ஈடுசெய்துகொள்வதால், ஒரு கிராம் விசை 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு நேராகிறது. பெருந்திரளான மக்களிடம் எடுத்த அளவுகளின் சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் என்ற கணக்கில் பிறந்த 21 என்னும் எல்லை, புள்ளியியல் கோடாக இருந்தும், நலத்துக்கும் நோய்க்கும் இடையிலான வேலியாகவே பல பத்தாண்டுகள் நடத்தப்பட்டது. அதற்குக் கீழ் அழுத்தமுள்ள பலருக்கு நரம்பு சிதைவதும், மேலுள்ள பலருக்குச் சிதையாதிருப்பதும் அந்த வேலியை மெல்லத் தளர்த்தின. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அழுத்தம் 24 முதல் 32 வரையிருந்தும் நோய் தோன்றாத 1,636 பேரில், ஐந்தாண்டுகளில் மருந்திட்டவர்களுள் 4.4 விழுக்காட்டினருக்கும் மருந்திடாதவர்களுள் 9.5 விழுக்காட்டினருக்கும் நோய் தொடங்கியது. மெல்லிய கருவிழி கொண்டோருக்கு இடர் கூடுதல் என்பதும் அதே ஆய்வில் புலப்பட்டதால், கருவிழியின் தடிமனும் இப்போது அழுத்தத்தோடு சேர்த்து அளக்கப்படுகிறது.