புள்ளிராஜாவுக்கு அப்புறம்

அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்காகக் காத்துக்கிடக்கிற கன்டெய்னர் லாரி வரிசை. எய்ட்ஸ் பிரச்சாரம்னாலே முதல்ல டிரைவர்களைத்தான் கை காட்டுவாங்க. 2003 வாக்குல ஊரெல்லாம் ஒரே கேள்வி: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' அந்தப் பேரை வச்சுக் கிண்டல் பண்ணாத ஆளே இல்ல. சரி, வந்துட்டா? அதுக்கப்புறம் வாழ்க்கை இருக்கா? அதைக் காட்டினது ஒரு ஆவணப்படம்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில முதுநிலை மாணவி நிர்மலா, அவங்க பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். பாலியல் தொழிலாளர்கள்கிட்ட எடுத்த ரத்த மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, ஐஸ் பெட்டியில போட்டு, ராத்திரி ரயில்ல காட்பாடிக்குக் கொண்டுபோனாங்க நிர்மலா. வேலூர் சி.எம்.சி.யில சோதிச்சப்போ ஆறு பேருக்கு பாசிட்டிவ். இந்தியாவுல எச்.ஐ.வி. முதன்முதலா உறுதியானது அப்படித்தான். எதுக்காக ரத்தம் எடுக்குறாங்கன்னு அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படல. இன்னைக்கு அப்படிப் பண்ணவே முடியாது, பண்ணவும் கூடாது.

சுனிதி மேடம் அதோட நிக்கல. 1993ல ஒய்.ஆர்.ஜி. கேர் ஆரம்பிச்சாங்க. நோயாளிகள் மருந்து மட்டும் கேக்கல, "டாக்டர், எனக்குக் கல்யாணம் நடக்குமா?"ன்னும் கேட்டாங்க. அவங்களே தரகர் ஆனாங்க! படிப்பு, சம்பளத்தோட சேர்த்து வைரல் லோடும் பார்த்துப் பொருத்தம்.

இதுதான் 2017ல வந்த 'லவ்சிக்' ஆவணப்படம். ஆன் கிம், பிரியா கிரி தேசாய் எடுத்தது. படம் வர்றதுக்கு முன்னாடி, 2015லேயே மேடம் காலமாயிட்டாங்க. மண்டை ஓடு கிடையாது, மிரட்டல் குரல் கிடையாது. எச்.ஐ.வி. உள்ளவங்களே பேசுறாங்க. பெண் பார்க்கிற கூச்சம், வீட்டுல சொல்ல முடியாத தவிப்பு, எல்லாம் நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

படத்துக்குப் பின்னாடி அறிவியலும் இருக்கு. 2011ல வெளியான ஹெச்.பி.டி.என். 052 ஆய்வுல சென்னையும் ஒரு மையம். சீக்கிரமே ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பிச்சா துணைக்குத் தொற்றுறது 96% குறைஞ்சது. மாத்திரையை விடாம சாப்பிட்டு, ரத்தத்துல வைரஸ் கண்டறிய முடியாத அளவுலயே இருந்தா, உடலுறவு மூலமா பரவாது. கல்யாணம், குழந்தை எல்லாமே சாத்தியம்.

பயமுறுத்தினா ஜனங்க டெஸ்ட்டுக்கு வந்துருவாங்கன்னு நம்ம துறையில இன்னும் சிலர் நினைக்கிறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பயந்தவன் ஒளிஞ்சுக்குவான்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல டெஸ்ட் இலவசம், ரகசியமும் காப்பாங்க. 2004ல இருந்து அரசு ஏ.ஆர்.டி. மாத்திரையும் இலவசமா தருது. சந்தேகம்னா 1097க்கு போன் பண்ணுங்க. லாரி ஓட்டுறவங்க மட்டும் இல்ல, வீட்டுல இருக்கறவங்களும்தான்.