கருனி

இயங்குதளத்தின் உள்ளே நின்று வன்பொருளையும் பயன்பாட்டு நிரல்களையும் இணைக்கும் அடிப்படை நிரலைக் குறிக்கும் ‘கருனி’ என்னும் சொல், மஞ்சட்கருவிலும் தொல்காப்பியத்தின் கருப்பொருளிலும் பயிலும் ‘கரு’ என்பதை அடியாகக் கொண்டு, ‘கெர்னல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் தழுவி நிற்கிறது. தானியத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் குறுமை வடிவமே கெர்னல் என்பதால் ‘பருப்பு’ அதற்கு நேர்ச்சொல்லாகலாம். எனினும் பருப்பு முதிர்ந்து முடிந்த பொருள், கருவோ இனி உருப்பெறுவது என்பதால் கருனியே சிறந்த ஆக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருனியைத் தொகுப்பவர், ஒவ்வொரு வன்பொருள் இயக்கியையும், அதாவது ஒரு கருவியோடு பேசத் தெரிந்த நிரல்துண்டையும், கருனியோடு பிணைப்பதா, வேண்டும்போது ஏற்றும் கூறாக வைப்பதா, விலக்குவதா என்று தேர்ந்தே அதற்கு உருவம் தருகிறார். வேலை குறைந்த வேளையில் நுண்செயலியின் வேகத்தைத் தணித்தும் பயன்படாத கருவிகளை உறங்கவைத்தும் மின்சாரத்தைச் சேமிக்கும் மின் மேலாண்மையும் இத்தேர்வில் அடங்கும். 1996இல் வெளியான ‘ஏசிபிஐ’ நெறிமுறை இதற்கெனக் கருனிக்கும் கணினிப் பலகைக்கும் ஒரு பொதுமொழியை வகுத்தது. சென்னை ஐஐடி வடிவமைத்த ‘சக்தி’ நுண்செயலியில் 2018இல் லினக்ஸ் இயங்கியபோது, இங்கே பிறந்த வன்பொருளையும் கருனி ஏற்றுக்கொண்டது.