நீளலைச் சுருளின் சூடு: கிரிமெட்டானிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

தமிழ்நாட்டின் மின்னணுத் தொழில் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 2006-இல், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிய ஆண்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முதலீடு, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது, பிறகு சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் அந்த வளாகத்தை ஏற்று நடத்த முன்வந்தது என்று கதை நகர்கிறது. அங்கே தயாராகும் பொருளுக்குள் இருக்கும் தொழில்நுட்பம் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்ற கேள்வி இந்த வரலாறுகளில் அநேகமாக எழுவதே இல்லை. செல்பேசி சார்ஜரைப் பொறுத்தவரை அந்த வழி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டம் கடந்து தந்தி அனுப்பிய நீளலை வானொலி நிலையங்களில் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வழி நெடுகிலும் பொறியாளர்களுக்கு முன் நின்ற சிக்கல் ஒன்றுதான்: தாழ் அதிர்வெண்ணில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்க வேண்டிய சுருளும் மின்தேக்கியும் சூடேறுவது.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். இன்று அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, உலக அளவில் ஒதுக்கப்பட்டுள்ள மிகத் தாழ்ந்த பட்டை 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை. அங்கே அலைநீளம் ஏறத்தாழ 2,190 மீட்டர். கால் அலைநீளத்துக்கு ஆன்டெனா கட்டுவதென்றால் அரை கிலோமீட்டருக்கும் மேல் உயரம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் கட்டக்கூடிய கம்பியின் பயனுறு உயரம் 12 மீட்டர் என்று கொள்வோம். அதன் கதிர்வீச்சு மின்தடை 0.05 ஓமுக்கும் குறைவு. அந்தக் கம்பி வெறும் 300 பைக்கோஃபாரட் மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். அதை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர 4.5 மில்லிஹென்றி அளவுள்ள ஒரு பெரிய சுருள் தேவை. அந்தச் சுருளின் தரக்காரணி 200 என்றால் அதன் இழப்புத் தடை 19 ஓம். மண்ணிலும் பிற வழிகளிலும் ஏற்படும் இழப்பு 40 ஓம். இப்போது 400 வாட் கொடுத்தால் சுமார் 2.6 ஆம்பியர் ஓடும். வானில் கதிர்வீச்சாகப் போவது 0.3 வாட். சுருளில் சூடாவது 130 வாட். எஞ்சிய 270 வாட்டை மண் குடித்துவிடும். சுருளின் மேல்முனையில் மின்னழுத்தம் 10,000 வோல்ட்டை எட்டும்.

இந்தப் பட்டையில் ஹாம் ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட பயனுறு சமதிசைக் கதிர்வீச்சுத் திறன் 1 வாட். 0.3 வாட்டைத் தரைமட்ட ஆன்டெனாவின் திசைப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவது அநேகமாக அந்த எல்லைதான். சட்டம் அனுமதிக்கும் ஒரு வாட்டை எட்டவே 400 வாட் செலவாகிறது, அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. ஷார்ட்வேவ் அமெச்சூர் ஒருவர் 100 வாட்டில் உலகைச் சுற்றிப் பேசிவிட்டு, சுருளைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் எழுந்து போகலாம். நீளலைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

இதே கணக்கை நூற்றுக்கணக்கான கிலோவாட் அளவில் முதலில் எதிர்கொண்டவை அரசுகளும் பெருநிறுவனங்களும். ரெஜினால்ட் ஃபெசண்டன் உயர் அதிர்வெண் மின்னாக்கி ஒன்றைக் கேட்டு ஜெனரல் எலெக்ட்ரிக்கை அணுகினார். அங்கே ஸ்டைன்மெட்ஸ் 10 கிலோஹெர்ட்ஸ் எந்திரத்தைச் செய்தார். பிறகு எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் அதை முழுமைப்படுத்தினார். அவருடைய எந்திரங்களில் இன்றும் இயங்கும் நிலையில் இருப்பது ஸ்வீடனின் கிரிமெட்டானில் உள்ள ஒன்று மட்டுமே. 1924-இல் தொடங்கிய அந்த நிலையம் 2004 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். 488 பள்ளங்கள் வெட்டிய எஃகுத் தட்டு நிமிடத்துக்கு 2,115 முறை சுழல்கிறது, அதிலிருந்து 17.2 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் கிடைக்கிறது. எந்திரம் தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. அலெக்சாண்டர்சனின் பெரிய பங்களிப்பு எந்திரத்தோடு நிற்கவில்லை. ஆன்டெனாவின் மின்னோட்டத்தை ஒரே இறக்கத்தின் வழியாக மண்ணுக்குள் தள்ளாமல், பல இறக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனியாகச் சுருள் வைத்தார். மின்னோட்டம் பங்கிடப்பட்டதால் மண் இழப்பு குறைந்தது, எந்த ஒரு சுருளும் தனியாக முழுச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கவில்லை. சூட்டைக் குளிர்விப்பதற்கு முன், அது உண்டாகும் இடத்தையே பகிர்ந்து சிறிதாக்க வேண்டும் என்ற இந்த அணுகுமுறையைப் பின்வந்த ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்கலாம்.

சுருளின் கம்பியைப் பற்றிய அறிவு முதிர்ந்தது இங்கிலாந்தின் ரக்பியில். 1926 ஜனவரி 1-ஆம் தேதி அஞ்சல் துறை அங்கே 16 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைத் திறந்தது. அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் தாமிரத்தின் மேற்பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும்; இதைத் தோல்விளைவு என்றும், அந்த ஆழத்தைத் தோல் ஆழம் என்றும் சொல்வார்கள். தடித்த கம்பி போட்டால் நடுப்பகுதித் தாமிரம் வீண். போதாததற்கு, அடுத்தடுத்த சுற்றுகளின் காந்தப்புலம் ஒன்றின் கம்பிக்குள் ஒன்று சுழல் மின்னோட்டங்களைத் தூண்டிச் சூட்டைக் கூட்டும். தீர்வு லிட்ஸ் கம்பி: எனாமல் பூசிய மெல்லிய இழைகளை, ஒவ்வொன்றும் மாறி மாறி வெளியிலும் உள்ளிலும் வரும்படி முறுக்கிய வடம். ரக்பியின் வடத்தில் 6,561 இழைகள். மூன்றை எட்டு முறை பெருக்கினால் வரும் எண் இது. ஒவ்வொரு இழையின் விட்டமும் 0.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1943-இல் நிலையத்தில் தீப்பிடித்து ஒலிபரப்பு மாதக்கணக்கில் நின்றது. கிரிகியன் நிலையம் அந்த வேலையை ஏற்றது. தீக்குப் பின் மரச்சட்டத்தில் புதிதாகச் சுற்றப்பட்ட சுருள் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான அந்தச் சுருளைப் படத்தில் பார்த்தாலே, நீளலைப் பொறியியலில் கம்பியின் தடைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கப்பட்டது என்று புரியும்.

இந்த அறிவு எழுத்தில் ஏறியதும் ரக்பி திறந்த அதே ஆண்டில்தான். பின்னாளில் வடிகட்டிச் சுற்றுகளால் பெயர்பெற்ற ஸ்டீஃபன் பட்டர்வொர்த், வானொலிச் சுருள்களின் பயனுறு தடையைக் கணக்கிடும் முறையை 1926-இல் கட்டுரைத் தொடராக வெளியிட்டார். இழையின் விட்டம், இடைவெளி, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு சுருளின் சூட்டை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1966-இல், பி. எல். டவெல் இதே சிக்கலை மின்மாற்றியின் சுற்றுகளுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரையே சுவிட்சிங் பவர் சப்ளை வடிவமைப்பவர்களின் பாடமானது. வானொலியிலிருந்து மின்திறன் மின்னணுவியலுக்குப் பாலம் போட்ட கணிதம் இது. வரலாற்று நூல்களில் இந்தப் பாலத்துக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

ரக்பியின் காலத்தில் அமெச்சூர்கள் நீளலையில் இல்லை. 1912-ஆம் ஆண்டின் அமெரிக்க வானொலிச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்குக் கீழே, யாருக்கும் பயன்படாது என்று நம்பப்பட்ட குறுகிய அலைகளுக்குத் துரத்தியது. அந்த அலைகள்தான் கடல் கடக்கும் என்று 1920-களின் தொடக்கத்தில் அவர்களே நிரூபித்தார்கள். அதன் விளைவு இந்தியாவையும் தொட்டது. பிரிட்டிஷ் பேரரசு முழுவதையும் நீளலை நிலையங்களால் இணைக்கத் தீட்டிய திட்டம் கைவிடப்பட்டு, மார்க்கோனியின் ஷார்ட்வேவ் கற்றைமுறை வந்தது. 1927-இல் பம்பாய் மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு அந்தச் சேவை தொடங்கியது. சென்னையில் 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி 40 வாட் நிலையம் ஒன்றிலிருந்து ஒலிபரப்பியது. மூன்றே ஆண்டுகளில் பணமுடையால் அது நின்றுபோனாலும், தென்னிந்தியாவில் வானொலி ஆர்வலர்களின் மரபு அங்கிருந்து எண்ணப்படுகிறது.

தமிழ் மண்ணில் பெருந்திறன் தாழ் அதிர்வெண் நிலையம் வந்தது கடற்படைக்காக. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்த ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அயனி மண்டலத்தை ஆராயும் விஞ்ஞானிகள் அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் சைகையைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவருகிறார்கள். அங்கே அலைநீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். எவ்வளவு உயர்ந்த கோபுரம் நட்டாலும் அலையோடு ஒப்பிட்டால் அது குட்டைதான். எனவே கிரிமெட்டானின் இயற்பியலேதான் விஜயநாராயணத்திலும்.

ஹாம்கள் நீளலைக்குத் திரும்பியது 1990-களின் பின்பகுதியில். பிரிட்டனில் 1996-இல் 73 கிலோஹெர்ட்ஸ் சோதனைக்குத் திறந்தது. ஐரோப்பாவில் 136 கிலோஹெர்ட்ஸுக்கு 1997-இல் பரிந்துரை வந்தது. 2007-ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு அதை உலக ஒதுக்கீடாக்கியது. 472 கிலோஹெர்ட்ஸ் பட்டை 2012-இல் கிடைத்தது. எண்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தவர்களுக்கு ரக்பியின் செல்வம் இல்லை. கிடைத்த பொருளில் செய்தார்கள், எது சூடேறும் என்பதைப் பட்டே கற்றார்கள்.

சுருளைச் சுற்ற எளிதில் கிடைக்கும் பி.வி.சி. குழாய், உயர் மின்னழுத்தப் புலத்தில் தானே சூடேறி இளகும். பாலிஎத்திலீன் வாளி அதைவிட மேல். ஈரம் ஏறிய மரச்சட்டமும் ஆபத்து. சுருள் சூடேறினால் தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 விழுக்காடு கூடுகிறது. 60 டிகிரி ஏறினால் தடை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகம், அதனால் மேலும் சூடு. மின்தேக்கிகளில் தவறு இன்னும் வேகமாகத் தெரியும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் வகையின் இழப்பு, இந்த அதிர்வெண்ணில் பாலிப்ரொப்பிலீன் வகையைப் போலப் பல மடங்கு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில ஆம்பியர் ஓடவிட்டால் ஒன்று கதகதப்பாக இருக்கும், மற்றது வீங்கி உருகும். வில்லியம் டூபிலியர் மைக்கா மின்தேக்கியைக் கொண்டுவந்த நாளிலிருந்தே பெருந்திறன் நிலையங்கள் மைக்காவை விடாமல் பிடித்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஃபெரைட் வளையங்களில் இழப்பு காந்தப்பாய அடர்த்தியின் இருமடியை விடவும் வேகமாக உயரும். சற்றே சிறிய வளையம் எடுத்தவருக்கு அது உடனே தெரியவரும். மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களில் மட்டும் காலம் துணை நின்றது. 1975-இல் சோகல்கள், நேதனும் ஆலனும், விவரித்த ஈ-வகைச் சுற்றில் டிரான்சிஸ்டரின் குறுக்கே மின்னழுத்தம் பூஜ்யமாகும் கணத்தில் அது மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்குகிறது. செயல்திறன் 90 விழுக்காட்டைத் தொட்டால் 400 வாட் வெளியீட்டுக்கு 45 வாட்டுக்கும் குறைவாகவே ஹீட் சிங்க் கையாள வேண்டும்.

இந்த நுணுக்கங்களைப் பெரும்பாலும் எழுதியவர்கள் குளிர்நாட்டவர்கள். 15 டிகிரிக் கொட்டகையில் தாங்கிய சுருள் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தாங்கும் என்று சொல்ல முடியாது. சென்னை 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரியைக் கண்ட நகரம். ஹீட் சிங்க் சூட்டை இறக்குவது சுற்றுக்காற்றோடு உள்ள வேறுபாட்டால்தான். அந்த வேறுபாட்டில் 30 டிகிரி முன்கூட்டியே போய்விட்டால், அதே பாகத்துக்கு அனுமதிக்கக்கூடிய வாட் கணிசமாகக் குறைகிறது. எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாவது வடிவமைப்பாளர்களின் நடைமுறைக் கணக்கு. இங்கே விற்கும் சார்ஜருக்கும், இங்கே நிறுவும் நீளலை நிலையத்துக்கும் இது ஒரே கணக்கு.

சார்ஜருக்கு வருவோம். 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கி, மாஸ்ஃபெட்டால் வேகமாக நறுக்கி, சிறு ஃபெரைட் மின்மாற்றி வழியே இறக்குவதே அதன் வேலை. நறுக்கும் வேகம் பெரும்பாலும் 65 கிலோஹெர்ட்ஸ், அல்லது 100 முதல் 132 கிலோஹெர்ட்ஸ். இந்த எண்கள் தற்செயலானவை அல்ல. மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சலுக்கான பன்னாட்டு விதியின் அளவீடு 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அடிப்படை அதிர்வெண் அதற்குக் கீழே இருந்தால் வடிகட்டியின் செலவு குறையும். 65-இன் இரட்டிப்பும் 130 தான், எல்லைக்குள் அடங்கும். ஆகவே உலகெங்கும் கோடிக்கணக்கான சார்ஜர்கள் 150-க்குக் கீழே குவிந்தன. ஹாம்களின் 136 கிலோஹெர்ட்ஸ் பட்டை அந்தக் குவியலை ஒட்டியே இருக்கிறது. அலெக்சாண்டர்சனும் பட்டர்வொர்த்தும் போராடிய அதே அதிர்வெண் வட்டாரத்தில், கைக்குள் அடங்கும் அளவில், அதே இழப்புகளோடு ஸ்ரீபெரும்புதூரின் உற்பத்தி வரிசைகள் போராடுகின்றன. மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் விசிறிக்கு இடமில்லை. சுற்றின் அமைப்பாலேயே சூட்டைக் குறைத்தாக வேண்டும். காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் வந்தபின் சிறு சார்ஜர்கள் பல நூறு கிலோஹெர்ட்ஸுக்கு ஏறத் தொடங்கியுள்ளன. மின்மாற்றி சிறிதாகிறது, ஆனால் தோல்விளைவும் ஃபெரைட் இழப்பும் இன்னும் கடுமையாகின்றன.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடம் பக்கத்தில் வாகன ஆலைகள் சார்ந்திருக்கும் ஒரு முறையையும் இங்கே சொல்ல வேண்டும். கிராங்க்ஷாஃப்ட், பல்சக்கரம் ஆகியவற்றின் மேற்பரப்பைக் கடினப்படுத்தும் இண்டக்ஷன் முறை சில கிலோஹெர்ட்ஸ் முதல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. வானொலிக்காரர் தவிர்க்கப் பாடுபட்ட சுழல் மின்னோட்டத்தை இங்கே வேண்டுமென்றே எஃகுக்குள் பாய்ச்சுகிறார்கள்; தோல் ஆழம்தான் எவ்வளவு ஆழத்துக்குக் கடினமாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. சுருள் மட்டும் சூடேறக்கூடாது என்பதால் அதைத் தாமிரக் குழாயில் செய்து உள்ளே தண்ணீர் ஓடவிடுகிறார்கள்.

மின்வாகனங்கள் வந்தபின் கதை மறுபடி சுருளுக்கும் வானலைக்கும் இடையே வந்து நிற்கிறது. கம்பியில்லாமல் செல்பேசிக்கு மின்னூட்டும் சீ (Qi) தரம் 87 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது, 136-உம் அதற்குள்தான். அதன் தட்டைச் சுருள்கள் லிட்ஸ் கம்பியால் ஆனவை. காருக்குக் கீழே தரையில் பதித்த சுருளிலிருந்து பல கிலோவாட் அனுப்பும் முறைக்கு 85 கிலோஹெர்ட்ஸ் வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில் இந்த மின்னூட்டத்தால் வானொலிச் சேவைகளுக்கு ஏற்படும் இடையூறு தனிப் பொருளாக விவாதிக்கப்பட்டது. சுருளிலிருந்து கசியும் அலைகளும் அவற்றின் மடங்கு அதிர்வெண்களும் மற்றவர்களின் பட்டைகளில் ஏறும் என்று பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் அளவீடுகளோடு வாதிட்டது. 85-இன் இரட்டிப்பு 170 கிலோஹெர்ட்ஸ், ஐரோப்பிய நீளலை ஒலிபரப்புப் பட்டைக்குள்; அதற்கு மேற்பட்ட மடங்குகள் 472 உள்ளிட்ட அமெச்சூர் பட்டைகளின் பக்கம். கிலோவாட் கணக்கில் பாயும் மின்திறனில் நூறாயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலும், ஹாம் ஒருவர் 400 வாட் செலவழித்து அனுப்பும் மூன்றில் ஒரு பங்கு வாட்டைத் தொலைவிலிருந்து கேட்க முயலும் பக்கத்து வீட்டு அலைவாங்கிக்கு அது பேரிரைச்சல்.