555 நோட்டிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை



சிறிய, நடுத்தர நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவை எங்கிருந்து தொடங்குவது என்பது நமது கருத்தரங்கின் தலைப்பு. தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையில் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி வரலாறு. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்குகிறவள் என்ற முறையில் அதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒலிவாங்கியை அணைத்த பிறகு கடைக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஏம்மா, எந்த ஏஐ வாங்கினா நல்லது?" அந்த 'வாங்கினா' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் சிறு வணிகர்களைத் தேடிப் புதுத் தொழில்நுட்பம் வருவது இது முதல் முறையன்று. கடந்த நாற்பது ஆண்டுகளில் குறைந்தது நான்கு முறை வந்திருக்கிறது. எது கடையில் நிலைத்தது, எது மூலையில் தூசி படிந்து கிடந்தது என்று திரும்பிப் பார்த்தால் அந்தக் கேள்வியையே வேறு மாதிரி கேட்கத் தோன்றும்.

கணினிக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குகிறேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகள் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து வரும் இளைஞன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, பிறகு மேலாளாக உயர்வான். ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணை முடிந்து மேலாள் ஊர் திரும்பும்போது பேரேட்டையும் ஐந்தொகையையும் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். ஆள் மாறினாலும் தொழில் தடையில்லாமல் ஓடியதற்கு அந்த ஏடுகளே காரணம். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எப்போது திரும்பி வந்தது, யாருடைய வாக்கு நம்பத் தகுந்தது, எல்லாமே அவற்றில் இருந்தன. தமிழில் இருந்தன.

மளிகைக் கடையில் அவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அங்கே 555 நோட்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்க்காத பழைய சிங்கப்பூரர், மலேசியர் யார் இருக்கிறார்கள்! அரிசி இத்தனை கட்டி, பால் டின் இரண்டு, சம்பள நாளில் பாக்கி தீர்ந்தது. இன்று 'தரவு' என்று பெரிய சொல்லால் சொல்கிறோமே, அது இதுதான். எந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு அரிசி போகும் என்று அறிந்த கடைக்காரர் தீபாவளிக்கு எத்தனை மூட்டை எடுத்து வைக்க வேண்டும் என்பதை இயந்திரம் இல்லாமலே கணித்தார். நோட்டு தொலைந்தால் கடனும் தொலைந்தது என்பது வேறு கதை.

1981இல் தேசிய கணினி வாரியம் அமைக்கப்பட்டது. கணினிகள் முதலில் நுழைந்தது அரசாங்க அலுவலகங்களுக்குள்தான். 1985இல் உள்ளூர் வங்கிகள் கூடி நெட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. பற்று அட்டையைக் கடையில் தேய்த்துப் பணம் கட்டும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. இவற்றைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நான் சற்று நின்று பேச விரும்புவது டிரேட்நெட்டைப் பற்றி.

1985இல் சிங்கப்பூருக்குப் பொருளியல் மந்தம் வந்தது. வாணிகத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் செலவையும் நேரத்தையும் குறைக்க வழி தேடினார்கள். அப்போது ஒரு சரக்கை ஏற்றவோ இறக்கவோ அனுமதி வாங்குவது எப்படியிருந்தது தெரியுமா? சரக்கு முகவரின் அலுவலகத்தில் ஒருவர் கார்பன் தாள் வைத்துப் படிவங்களைத் தட்டச்சு செய்வார். இன்னொருவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அரசாங்க அலுவலகமாக வரிசையில் நிற்பார். ஒரு பிழை இருந்தால் திரும்ப முதலிலிருந்து. அனுமதி கிடைக்கச் சில நாள்கள் ஆகும். 1989 ஜனவரி முதல் தேதி டிரேட்நெட் செயல்படத் தொடங்கியது. அதன்பின் அதே அனுமதி ஏறத்தாழ 15 நிமிடத்தில் கிடைத்தது.

உலகம் இதைக் கணினியின் வெற்றி என்று பாராட்டியது. அதற்கு முன்பு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கணினியைத் தொடுவதற்கு முன்னால், இத்தனை படிவம் எதற்கு என்று உட்கார்ந்து கேட்டார்கள். பல படிவங்கள் ஒன்றாக்கப்பட்டன. குழப்பத்தை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் வேகமான குழப்பம்தான் கிடைத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. கணினி வாங்க வசதியில்லாத சிறு முகவர்களும் விடுபட்டுப் போகவில்லை. சேவை மையத்தில் விவரத்தைக் கொடுத்தால் அவர்கள் தட்டி அனுப்புவார்கள். சொந்தமாக ஓர் இயந்திரம்கூட இல்லாமல் புதிய முறைக்குள் வந்தவர்கள் அவர்கள். சிறு நிறுவனங்களுக்கென்று பெயர் வைக்காத இந்தத் திட்டம், அவற்றுக்கென்றே பெயர் வைத்து வந்த சிலவற்றைவிட நன்றாகச் செய்தது என்பது என் கருத்து.

1994 ஏப்ரலில் பொருள் சேவை வரி 3 விழுக்காட்டுடன் வந்தது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும் நிறுவனம் பதிந்துகொண்டு, ஒவ்வொரு விலைச்சீட்டையும் கணக்கில் காட்ட வேண்டும். இது கட்டாயத்தால் வந்த மாற்றம். விருப்பமிருந்ததோ இல்லையோ, சட்டைப் பைக்குள் கணக்கு வைத்திருந்தவர்கள் கணினிக்கு வந்தார்கள்.

அடுத்த அலை, பணம் கொடுத்து வந்த அலை. 2010ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உற்பத்தித்திறன், புத்தாக்கச் சலுகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிஐசி என்றால்தான் பலருக்குப் புரியும். மறு ஆண்டே சலுகை கூடியது. தகுதியுள்ள செலவில் 1 வெள்ளிக்கு 4 வெள்ளி வரிக்கழிவு. வரி கட்டும் அளவுக்கு லாபம் இல்லாத சிறு கடைக்கு, ஒரு கட்டத்தில் செலவில் 60 விழுக்காடு ரொக்கமாகவே திரும்பக் கிடைத்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பலர் உருப்படியாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் பணம் இயந்திரத்தை வாங்குவதற்குக் கிடைத்ததே தவிர, அதைப் பயன்படுத்துவதற்கு அன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. ஒரு கடையில் ஆர்டர் எடுக்க வாங்கிய தட்டைக் கணினியில் முதலாளியின் பேரப்பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். சமையலறைக்குச் சீட்டு வழக்கம்போல் கையெழுத்தில்தான் போனது. இல்லாத ஊழியரை இருப்பதாகக் காட்டிப் பணம் கேட்டவர்களும் உண்டு. உள்நாட்டு வருவாய் ஆணையம் வழக்குத் தொடுத்து, சிலர் சிறைக்கும் போனார்கள். 2018 வரிமதிப்பீட்டு ஆண்டோடு திட்டம் முடிந்தது.

இதையும் 2020ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில் உணவங்காடிக் கடைக்காரர்களை மின்னிலக்கக் கட்டண முறைக்குக் கொண்டுவர ஒரு திட்டம் வந்தது. மாதம் குறைந்தது 20 முறை மின்னிலக்கக் கட்டணம் வாங்கினால் 300 வெள்ளி, ஐந்து மாதங்களுக்கு. கருவி வாங்கியதற்காகப் பணம் இல்லை. பயன்படுத்தினால்தான் பணம். கடைக்காரர் வாங்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. கியூஆர் அட்டை ஒன்றை ஒட்டினால் போதும். அன்று ஒட்டியதைப் பல கடைகள் இன்றும் கழற்றவில்லை.

இனி செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கணக்குப்படி, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திய சிறிய, நடுத்தர நிறுவனங்கள் 2023இல் 4.2 விழுக்காடு. 2024இல் 14.5 விழுக்காடு. ஒரே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். பெரிய நிறுவனங்களிலோ 44 விழுக்காடு 62.5 ஆனது. இடைவெளி புரிகிறதா? இந்நாட்டு நிறுவனங்களில் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர வகை. வேலையில் இருப்போரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு அவைதான் சோறு போடுகின்றன. சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் விகிதம் 2020இல் 38 விழுக்காடாகவும், 2021இல் 35 விழுக்காடாகவும் குறைக்கப்பட்ட பிறகு ஆள் கிடைக்காமல் திண்டாடுவதும் அவைதான். முதலாளியும் அவர் மனைவியும் இரவு ஒரு மணிவரை கணக்குப் பார்க்கும் கடைகள் எத்தனை!

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2017இல் சிறு நிறுவனங்களை மின்னிலக்கமாக்கும் திட்டம், 2018இல் உற்பத்தித்திறன் தீர்வு மானியம், 2024 பிப்ரவரியில் ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவைச் சிறு நிறுவனங்கள் முயன்று பார்க்க ஒரு முன்னோட்டத் திட்டம் என்று வந்தன. கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. டிரேட்நெட் காலத்துச் சேவை மையம் மாதிரி, வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்க ஓர் இடம்.

சரி, தொடங்குவது எப்படி? ஒரு திருமண உணவு ஏற்பாட்டாளரை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளில் பெரும்பாலானவை ஒரே பத்துக் கேள்விகள். 300 பேருக்குச் சைவம் முடியுமா, வாழை இலை உண்டா, முன்பணம் எவ்வளவு, மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள். போன ஆண்டு அவரே எழுதிய பதில்களில் நல்லவையாக ஐம்பதைப் பொறுக்கி எடுக்கட்டும். அதுதான் அவருடைய 555 நோட்டு. அவற்றிலிருந்து வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2014 ஜூலையிலிருந்து சிறு கடைக்கும் சேர்த்துத்தான் நடப்பில் உள்ளன. பிறகு அந்தப் பதில்களைக் காட்டி, புதிய விசாரணைக்கு ஒரு வரைவு எழுதச் சொல்லலாம். அனுப்புவது மனிதர் படித்த பிறகுதான். ஒரு மாதம் இப்படிச் செய்து, எத்தனை வரைவைத் திருத்த வேண்டியிருந்தது என்று எண்ணினால் மேற்கொண்டு போகலாமா என்பது தெரிந்துவிடும்.

விலையை மட்டும் அதன் வாயிலிருந்து வரவிடக்கூடாது. இந்த இயந்திரங்கள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. விலைப்பட்டியலைக் கொடுக்காவிட்டால், இல்லாத விலையையும் கூசாமல் சொல்லும். கொடுத்தாலும் சில வேளை தவறும். இது எங்கே போய் முடியும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒன்று நல்ல உதாரணம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தள உரையாடல் கருவி, கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. கருவி சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. விமான நிறுவனம் தாங்கும். நம் உணவு ஏற்பாட்டாளர் ஒரு திருமணத்தில் தவறான விலைக்குக் கட்டுப்பட்டால் அந்த மாத லாபமே போய்விடும்.

கணக்குப்பிள்ளையின் வேலை என்னாகும் என்று ஒரு நேயர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறார். படிவம் தூக்கி வரிசையில் நின்ற வேலை டிரேட்நெட்டோடு போனது உண்மை. இதையும் மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இருபது ஆண்டாகக் கடையில் இருப்பவருக்குத்தான் எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார் என்று தெரியும். வரைவைப் படித்துத் திருத்தும் நாற்காலியில் முதலில் அவரை உட்கார வைப்பது முதலாளிக்குத்தான் லாபம்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கிட்டங்கியில் பேரேடு தமிழில் இருந்தது என்றேன். கணினி வந்தபோது கணக்கு ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலம் தெரியாத முதலாளி தன் கடைக் கணக்கைத் தானே படிக்க முடியாமல், மகனையோ குமாஸ்தாவையோ கேட்கும் நிலை வந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் தமிழைக் கணினியில் ஏற்ற உழைத்தார்கள். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே சிங்கப்பூரில்தான் நடந்தது. ஆனாலும் கடைக் கணக்கு மென்பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. ஏஐ சிங்கப்பூர் 2023 டிசம்பரில் வெளியிட்ட சீ-லயன் மொழி மாதிரியில் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் இருக்கிறது. எனக்கு யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு முதலாளி தன் கணக்கைத் தமிழிலேயே கேட்க வழி இப்போதுதான் திறக்கிறது. தமிழில் இந்த இயந்திரங்கள் ஆங்கிலத்தில்போல் இன்னும் தேறவில்லை. அதிலும் மலாய், ஆங்கிலம், ஹொக்கியென் கலந்த நம் தேக்காத் தமிழைக் கேட்டால் திணறிப் போகின்றன. பத்து ஆர்டரைக் குரல்பதிவாகக் கொடுத்து, எத்தனையைச் சரியாக எழுதுகிறது என்று கடைக்காரரே இன்றிரவு சோதித்துப் பார்க்கலாம். எண்களை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

அடுத்து நம் தொழில்நுட்ப ஆலோசகர் பேசுவார்.