சான்றின் படிநிலையும் சான்றாளரின் தகுதியும்: பிராங்க்ளின் பயணம் குறித்த இனுயிட் வாய்மொழிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஜான் பிராங்க்ளின் தலைமையில் 1845ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட இரு கப்பல்கள் ஆர்க்டிக் கடற்பகுதியில் மறைந்தன. அவற்றில் சென்றோரின் முடிவு குறித்து அந்நிலத்தின் தொல்குடியினரான இனுயிட் மக்கள் 1854 முதல் வாய்மொழிச் சான்றுகளை வழங்கி வந்தனர். அச்சான்றுகளின் முதன்மைக் கூறுகள் நெடுங்காலத்திற்குப் பின்னரே பரவலாக ஏற்கப்பட்டன. இக்காலத்தாழ்வுக்குச் சான்றுகளின் குறைபாட்டைவிடச் சான்றாளரின் தகுதி குறித்து முன்னரே கொள்ளப்பட்டிருந்த முடிவே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. எழுத்துச் சான்றின் பிழையும் வாய்மொழிச் சான்றின் பிழையும் வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்ட முறையையும், அது ஆய்வாளர் தம் உலகநோக்கை மீளாய்வு செய்ய வேண்டிய தேவையை உணர்த்துவதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இனுயிட், தொல்குடி அறிவுமுறை, வாய்மொழி வரலாறு, பிராங்க்ளின் பயணம், சான்றாய்வு, உலகநோக்கு.

முன்னுரை

வரலாற்றாய்வு சான்றுகளை அடிப்படையாகக் கொண்டது. எனினும் எது சான்று, யார் சான்றாளர் என்பன ஆய்வு தொடங்குவதற்கு முன்பே ஆய்வாளரின் உலகநோக்கால் பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. தொல்குடி மக்களின் அறிவு பெரும்பாலும் ‘தரவு’ என்ற நிலையிலேயே ஆய்வுக்குள் அனுமதிக்கப்படுகிறது. தனக்கெனச் சோதனை நெறிகளைக் கொண்ட அறிவுமுறையாக அது கருதப்படுவது அரிது. இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும் வரலாற்று நிகழ்வுகளுள் பிராங்க்ளின் பயணமும் ஒன்று. இதில் எழுத்துச் சான்று, வாய்மொழிச் சான்று, எலும்புச் சான்று, கடலடித் தொல்லியல் சான்று ஆகிய நான்கும் கிடைத்துள்ளமையால் அவற்றை ஒப்பிட்டு ஆராய இயலுகிறது.

பயணமும் மறைவும்

ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவின் வடபகுதி வழியாக ஆசியாவை அடையும் வடமேற்குக் கடல்வழியைக் கண்டறியும் நோக்குடன் எரபஸ், டெரர் ஆகிய கப்பல்கள் 1845 மே மாதம் புறப்பட்டன. இடைவழியில் ஐவர் திருப்பி அனுப்பப்பட, 129 பேர் பயணத்தைத் தொடர்ந்தனர். அவ்வாண்டு ஜூலையில் பாபின் விரிகுடாவில் திமிங்கில வேட்டைக் கப்பலினர் கண்டதே ஐரோப்பியர் அவர்களைக் கண்ட இறுதித் தருணமாகும். அதன்பின் பல தேடுதல் பயணங்கள் மேற்கொள்ளப்பட்டன. 1850ஆம் ஆண்டு பீச்சித் தீவில் 1846ஆம் ஆண்டைச் சேர்ந்த மூன்று கல்லறைகள் கண்டறியப்பட்டன. கப்பல்கள் எங்குச் சென்றன என்பது மட்டும் விளங்கவில்லை.

ரேயின் அறிக்கையும் டிக்கன்ஸின் மறுப்பும்

ஹட்சன் விரிகுடாக் கம்பெனியில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ரே, தொல்குடியினரிடம் பயணமுறைகளைக் கற்றவர். பனிவீடு கட்டித் தங்கவும் வேட்டையாடி உண்ணவும் பழகியவர். 1854ஆம் ஆண்டு பெல்லி விரிகுடாப் பகுதியில் அவர் இனுயிட் மக்களைச் சந்தித்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 40 வெள்ளையர் படகொன்றை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்ததையும், பின்னர்ப் பெருநிலப் பகுதியில் ஏறத்தாழ 30 உடல்களும் அருகிலிருந்த தீவில் 5 உடல்களும் காணப்பட்டதையும் அவர்கள் கூறினர். பட்டினியின் இறுதிக்கட்டத்தில் அவர்கள் இறந்தோரின் ஊனை உண்டனர் என்பதற்கான அடையாளங்கள் இருந்தன என்பதும் அச்செய்தியுள் அடங்கும். அம்மக்களிடமிருந்து ரே விலைக்குப் பெற்ற வெள்ளிக் கரண்டிகளும் பிராங்க்ளினின் பதக்கமும் செய்தியின் நம்பகத்தன்மைக்குத் துணைநின்றன. தமக்குச் செய்தி கூறியோர் நேரில் கண்டவர்கள் அல்லர், கண்டோரிடம் கேட்டவர்கள் என்பதை ரே மறைக்கவில்லை.

1854 அக்டோபர் 23 அன்று இவ்வறிக்கை ‘டைம்ஸ்’ நாளிதழில் வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் அவ்வாண்டு டிசம்பரில் விரிவான மறுப்பை எழுதினார். அம்மறுப்பை மூன்று கூறுகளாகப் பகுக்கலாம். செய்தி நேரடிச் சாட்சியம் அன்று, மொழிபெயர்ப்பாளர் வழி வந்தது என்பது முதலாவது. பயிற்சியும் ஒழுக்கமும் மிக்க ஆங்கிலக் கடற்படையினர் அத்தகைய செயலைச் செய்திருக்க இயலாது என்பது இரண்டாவது. ‘நாகரிகமற்ற’ மக்களின் சொல்லை நம்பலாகாது, அவர்களே அக்குழுவினரைக் கொன்றிருக்கவும் கூடும் என்பது மூன்றாவது.

இம்மூன்றனுள் முதலாவது முறையான சான்றாய்வு வினா. எந்த வரலாற்றாசிரியரும் எழுப்பத்தக்கது. மற்ற இரண்டும் சான்று பற்றியவை அல்ல, மனிதர்களைத் தரவரிசைப்படுத்துபவை. முதல் வினாவுக்கு உரிய விடை மேலும் விசாரிப்பதே. ஆனால் பின்னிரு கருத்துகளும் விசாரணையே தேவையற்றது என்ற மனநிலையை உருவாக்கின. ரேயின் மறுமொழியும் அதே இதழில் வெளியானது. எனினும் பொதுக்கருத்து மாறவில்லை. 1875ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பிராங்க்ளினுக்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. ரேக்கு அங்கு நினைவுக்கல் அமைந்தது 2014ஆம் ஆண்டில்தான்.

எழுத்துச் சான்றும் அதன் பிழையும்

1859ஆம் ஆண்டு மெக்ளின்டாக் தலைமையிலான குழுவைச் சேர்ந்த ஹாப்சன், கிங் வில்லியம் தீவின் வடமேற்குக் கரையில் கற்குவியலொன்றினுள் இருந்த குறிப்பைக் கண்டெடுத்தார். 1846 செப்டம்பரில் கப்பல்கள் பனியில் சிக்கின. 1847 ஜூன் 11 அன்று பிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரல் 22 அன்று கப்பல்கள் கைவிடப்பட்டன. எஞ்சிய 105 பேர் தெற்கே ஆற்றை நோக்கிப் புறப்படுகின்றனர் என்பன அதன் செய்திகள். கிரோசியர், பிட்ஸ்ஜேம்ஸ் ஆகிய இருவரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். குழுவினரின் இறுதி நிலையை எடுத்துரைக்கும் முதன்மையான எழுத்துச் சான்று இதுவே.

இக்குறிப்பில் வெளிப்படையான பிழையொன்று உள்ளது. பீச்சித் தீவில் குழுவினர் குளிர்காலத்தைக் கழித்தது 1845–46இல். குறிப்போ 1846–47 எனக் கூறுகிறது. அங்குள்ள கல்லறைகளே இப்பிழையைக் காட்டிக்கொடுக்கின்றன. இதன் காரணமாக வரலாற்றாசிரியர் எவரும் அக்குறிப்பை முற்றாகத் தள்ளவில்லை. எழுதியவரின் கைத்தவறு எனக் கொண்டு, அதைத் திருத்திப் பயன்படுத்தினர். இது சரியான அணுகுமுறையே. ஆனால் இதே பொறுமை வாய்மொழிச் சான்றுகளுக்குக் காட்டப்படவில்லை. காலக்குழப்பமோ பெயர்க்குழப்பமோ தென்பட்டபோது, அது கூறியவரின் இயல்பான நம்பகமின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. எழுத்தின் பிழை திருத்தத்தக்கதாகவும் வாய்மொழியின் பிழை தகுதியிழப்பாகவும் கருதப்பட்ட இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையச் சிக்கலாகும்.

இனுயிட் அறிவுமுறையின் இயல்புகள்

அமெரிக்கரான சார்லஸ் பிரான்சிஸ் ஹால் 1861–62ஆம் ஆண்டுகளில் பாபின் தீவின் தென்கிழக்கில் தங்கியிருந்தபோது, நெடுங்காலத்திற்கு முன் வெள்ளையர் கப்பல்களில் வந்ததையும் அவர்களுள் ஐவர் பின்தங்கியதையும் இனுயிட் முதியோரிடம் கேட்டறிந்தார். அவர்கள் காட்டிய, ‘வெள்ளையர் தீவு’ என்னும் பொருளுடைய பெயர் கொண்ட இடத்தில் நிலக்கரியும் செங்கல் துண்டுகளும் கிடைத்தன. அவை 1576–78ஆம் ஆண்டுகளில் மார்ட்டின் புரோபிஷர் மேற்கொண்ட பயணங்களின் எச்சங்கள். 1576இல் புரோபிஷர் தம் குழுவினர் ஐவரை இழந்தார் என்பது ஆங்கில ஆவணங்களிலும் உள்ளது. ஏறத்தாழ 285 ஆண்டுகள் வாய்மொழியாகவே இச்செய்தி காக்கப்பட்டிருந்தது. இதனால் ஊக்கம் பெற்ற ஹால், அண்மைக்கால நிகழ்வான பிராங்க்ளின் பயணம் குறித்தும் அம்மக்களிடமே விசாரிக்கலாம் எனத் துணிந்தார்.

ஹாலின் விசாரணைகளுக்குத் துணைநின்றவர்கள் துக்குலிட்டோ என்ற இனுயிட் பெண்மணியும் அவர்தம் கணவர் எபியர்பிங்கும் ஆவர். இங்கிலாந்து சென்று மீண்டிருந்த துக்குலிட்டோ ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருந்தார். மொழிபெயர்ப்பாளரைக் காரணம் காட்டிய பழைய மறுப்பு இங்குப் பெரிதும் வலுவிழக்கிறது.

இவ்வாய்மொழிகளில் மூன்று இயல்புகள் காணப்படுகின்றன. முதலாவது, கண்டதையும் கேட்டதையும் பிரித்துரைத்தல். நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரி வெளியிட்ட முதியோர் நேர்காணல் தொகுதிகளிலும், தம் பட்டறிவுக்கு உட்பட்டதை மட்டுமே உறுதியாகக் கூறும் இவ்வொழுங்கு வெளிப்படுகிறது. ரேயிடம் பேசியோர் தாம் கேட்டதையே கூறுவதாகத் தெரிவித்ததும் இவ்வொழுங்கின் பாற்பட்டதே. டிக்கன்ஸ் அதைக் குறையாகக் கொண்டார். உண்மையில் அது செய்தியின் வழித்தடத்தை வெளிப்படுத்தும் நேர்மையாகும்.

இரண்டாவது, நிகழ்வுகளை ஆண்டுக்கணக்கால் அன்றி இடத்தால் நினைவில் நிறுத்துதல். ‘உட்யூலிக்’ என்னும் பெயர் தாடிச்சீல்கள் உள்ள இடத்தைக் குறிக்கும். இடப்பெயர் வேட்டைக்கான வழிகாட்டியாகவும் நிகழ்வுகளின் நினைவகமாகவும் ஒருங்கே பயன்பட்டது.

மூன்றாவது, பெயரிடும் மரபு. ‘நீண்ட அடி எடுத்து நடப்பவர்’ எனப் பொருள்படும் ‘அக்லூகா’ என்ற பெயரை இம்மக்கள் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், கிரோசியர், ரே ஆகிய பலருக்கும் வழங்கினர். இதனை உணராது, வெவ்வேறு காலத்து நிகழ்வுகளை ஒருவர்மேல் ஏற்றியதால் விசாரித்தோர் குழப்பமடைந்தனர். குழப்பம் சான்றில் இருந்ததைவிட அதைப் படித்த முறையிலேயே மிகுதியாக இருந்தது எனலாம். டேவிட் வுட்மன் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், இவ்வாய்மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முறைப்படுத்திய முன்னோடி முயற்சியாகும்.

எலும்பும் கடலடியும் கூறுவன

கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து ஆன் கீன்லிசைடும் உடனாய்வாளரும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, 92 எலும்புகளில் கத்தியின் வெட்டுத்தடங்கள் இருப்பதைக் காட்டியது. 2024ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு, வெட்டுத்தடங்கள் கொண்ட தாடையெலும்பொன்று பிட்ஸ்ஜேம்ஸுக்கு உரியது என அடையாளம் கண்டது. எழுத்துச் சான்றில் கையொப்பமிட்ட அதே தலைவரின் எலும்பு, 170 ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட வாய்மொழிச் சான்றுக்குத் துணைநிற்கிறது.

கப்பல்களின் நிலையும் இத்தகையதே. 1879ஆம் ஆண்டு ஷ்வாட்கா குழுவினரிடம் புஹ்தூராக் என்ற முதியவர், அடிலெய்ட் தீபகற்பத்தின் மேற்கே பனியில் சிக்கிய கப்பலொன்றில் தாம் ஏறியதையும், உள்ளே இறந்தவர் ஒருவர் கிடந்ததையும், பின்னர் அக்கப்பல் மூழ்கியபோது பாய்மரம் நீருக்கு மேல் தெரிந்ததையும் கூறினார். இனுயிட் மக்கள் சுட்டிய அத்தென்பகுதியில், 2014 செப்டம்பரில் ஏறத்தாழ 11 மீட்டர் ஆழத்தில் எரபஸ் கண்டறியப்பட்டது. அருகிலிருந்த தீவொன்றில் தொல்லியலாளர் கண்ட இரும்புக் கருவிப் பகுதி, தேடற்பரப்பைச் சுருக்க உதவியது. 2016ஆம் ஆண்டு, யோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக், தாம் சில ஆண்டுகளுக்கு முன் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மரக்கம்பத்தைக் கண்டதாகக் கூறியதைப் பின்பற்றித் தேடியபோது டெரர் கண்டறியப்பட்டது.

ஆய்வாளரின் உலகநோக்கு

இக்கண்டுபிடிப்புகளை ‘இனுயிட் கூற்றை அறிவியல் மெய்ப்பித்தது’ எனச் சுருக்குவது வழக்கமாகிவிட்டது. இத்தொடர் பாராட்டுபோலத் தோன்றினும் பழைய படிநிலையைத் தக்கவைத்துக்கொள்கிறது. எலும்பும் கப்பலும் கிடைக்காதிருப்பின் அவ்வாய்மொழிகள் என்னவாக மதிப்பிடப்பட்டிருக்கும் என்ற வினா இதில் எழவே இல்லை. மெய்ப்பிக்கப்பட்ட கூறுகளை மட்டும் ‘அறிவு’ என ஏற்று எஞ்சியவற்றை ‘நம்பிக்கை’ என ஒதுக்குவதும் இதன் தொடர்ச்சியே. மறுபுறம், தொல்குடிச் சான்று என்பதனாலேயே எதையும் வினவாது ஏற்பதும் அவ்வறிவுமுறையை மதிப்பதாகாது. கண்டவர் யார், கேட்டவர் யார் என வினவுவது அம்மக்களின் நெறியும் ஆகும்.

எனவே தேவைப்படுவது சமச்சீரான சான்றாய்வு. கற்குவியலில் கிடைத்த தாளின் ஆண்டுப் பிழைக்கு ஆய்வாளர் காட்டும் பொறுமையை, முதியவர் ஒருவரின் பெயர்க்குழப்பத்திற்கும் காட்டவேண்டும். பிழையைக் கண்டவுடன் ‘இவர் நம்பத்தக்கவர்தாமா’ என வினவுவதற்கு முன், ‘இப்பிழை எந்த நெறியின் விளைவு’ என வினவவேண்டும். இவ்வினா ஆய்வாளரைத் தம் முன்முடிவுகளை நோக்கித் திருப்புகிறது. டிக்கன்ஸ் மனிதநேயம் மிக்க எழுத்தாளர் என்பதை நினைவிற்கொண்டால், உலகநோக்கின் குறைபாடு தீய எண்ணத்தால் மட்டும் விளைவதன்று என்பது புலப்படும்.

தமிழக வரலாற்று வரைவிலும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் எனச் சான்றுகளை வரிசைப்படுத்தும் மரபு உண்டு. நாட்டார் வழக்காற்றாய்வுகள் வாய்மொழிக்கு இடமளித்திருப்பினும், கல்வெட்டின் பிழையும் கதைசொல்லியின் பிழையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனவா என்ற வினா தமிழ் ஆய்வாளர்க்கும் உரியதே.

முடிவுரை

பிராங்க்ளின் குழுவினரின் முடிவு குறித்த செய்தி 1854ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. அதனை அறிவாக ஏற்கும் மனநிலை அன்று வாய்க்கவில்லை. இனுயிட் வாய்மொழிகள் கண்டதையும் கேட்டதையும் பிரித்துரைக்கும் ஒழுங்கையும், இடத்தை அடிப்படையாகக் கொண்ட நினைவுமுறையையும், தமக்கே உரிய பெயரிடும் மரபையும் கொண்டவை. அவற்றின் குழப்பங்களாகக் கருதப்பட்டவற்றுள் பல, விசாரித்தோரின் புரிதற்குறைகளே. இன்று இவ்விரு கப்பல்களின் சிதைவுகளும் கனடா அரசுக்கும் இனுயிட் மரபுரிமை அறக்கட்டளைக்கும் கூட்டாக உரியவை. இனுயிட் காவலர்கள் அவ்விடங்களைக் காத்து வருகின்றனர். சான்றாளராகக்கூட ஏற்கப்படாதவர்கள் சான்றின் உரிமையாளர்களாக ஏற்கப்பட்டுள்ளனர். வரலாற்று வரைவும் அம்மக்களைச் செய்தி தருவோராக மட்டுமன்றிச் செய்தியை ஆராய்ந்து உரைப்போராகவும் ஏற்கும்போதே இம்மாற்றம் முழுமை பெறும்.