ஓர் ஆண்டு, பல கணக்குகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் ஆண்டுகளைப் பஞ்சத்தால் நினைவுகூர்வர். 1876இல் வந்தது 'தாது வருடப் பஞ்சம்'. ஆனால் தாது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பழைய கல்வெட்டுகள் பலவும் மன்னரின் ஆட்சியாண்டை மட்டுமே சொல்கின்றன. அது எந்த நூற்றாண்டு என்று எப்படி அறிவது?

சமண முனிவர் சர்வநந்தி 'லோகவிபாகம்' என்ற நூலை முடித்த ஆண்டுக்கு இரு கணக்குகள் தரப்பட்டுள்ளன: காஞ்சி மன்னர் சிம்மவர்மனின் 22ஆம் ஆண்டு, சக ஆண்டு 380. நமக்கு அது கி.பி. 458. மூல நூல் மறைந்துவிட்டது. பிற்கால வடமொழி வடிவம் காத்த இக்குறிப்பே தொடக்ககாலப் பல்லவர் வரலாற்றுக்கு ஊன்றுகோல்.

அதே ஆண்டைச் சிரியக் கிறிஸ்தவர்கள் செலூக்கிய ஆண்டு 769 என எண்ணினர். உரோமையர் எண்ணால் அன்றி, அவ்வாண்டின் கான்சுல்களான பேரரசர்கள் லியோ, மயோரியன் பெயர்களால் குறித்தனர். திருத்தந்தை பெரிய லியோவின் மடல்களும் அவ்வாறே தேதியிடப்பட்டன. கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் முறையைத் துறவி தியோனிசியுஸ் வகுத்தது 525இல்தான்.

நம் பங்குப் பதிவேட்டிலும் ஆலயக் கல்லிலும் ஆண்டைத் தெளிவாக எழுதுவோம். பின்வரும் தலைமுறை நம்மை அறிய அந்த ஒரு வரியே உதவலாம்.